வாடைக்கு அப்பாலிருந்து வந்தவள்

இத்தாலியில் புத்தியோலித் துறைமுகத்தில் வெத்தியுஸ் வீட்டு வடநாட்டுக்காரி என்றால் மீன் விற்கிறவளுக்கும் தெரியும், கப்பலில் மூட்டை இறக்குகிறவனுக்கும் தெரியும். வடக்கு என்றால் நீங்களும் நானும் சொல்கிற வடக்கு இல்லை. டான்யூப் ஆற்றுக்கு வடக்கே, குதிரை மேய்க்கிற சர்மாத்தியர்களுக்கும் வடக்கே, வாடைக்காற்று எந்தக் குகையிலிருந்து கிளம்புகிறதோ அந்தக் குகைக்கும் வடக்கே. அங்கே ஹிப்பர்போரியர் என்று ஒரு ஜனம் இருப்பதாகப் படித்தவர்கள் சொல்வார்கள். வாடைக்கு அப்பாலார் என்று அர்த்தம். அவர்களுக்கு நோய் நொடி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை சூரியன் உதிக்கும், ஒரு தடவை மறையும். காலையில் விதைத்து மத்தியானம் அறுப்பார்கள். வாழ்ந்தது போதும் என்று தோன்றினால் வயிறார விருந்து சாப்பிட்டு, தலையில் பூமாலை சுற்றிக்கொண்டு, ஒரு பாறை உச்சியிலிருந்து சிரித்தபடி கடலில் குதித்துவிடுவார்கள். இதையெல்லாம் நேரில் பார்த்தவன் ஒருத்தனும் இல்லை. ஆனாலும் அந்த ஜனத்தில் பிறந்தவளாக, லாவோதிகே என்ற பெயரில், ஒருத்தி இருபது வருஷம் அந்த ஊரில் வயிறு வளர்த்தாள்.

அவள் பெயர் லாவோதிகே இல்லை, ஸியா. ஊர் டான்யூபின் தென்கரையில், மோயேசியா மாகாணத்தில், ஒரு கோட்டைக்குப் பின்னால் இருந்த முப்பது வீட்டுக் கிராமம். அப்பா தார்சா திரேசிய ஜனத்தைச் சேர்ந்தவர். ரோமாபுரிப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் உழைத்து, விடைபெறும்போது ஒரு வெண்கலத் தகடு வாங்கி வந்தார். தார்சாவும் அவர் மகள் ஸியாவும் இன்றுமுதல் ரோமாபுரிக் குடிகள் என்று அதில் வெட்டியிருந்தது. தார்சாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மகள் பெயர் எந்த வரியில், எத்தனையாவது கீறலில் ஆரம்பிக்கிறது என்று தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் தகட்டைச் சுவரிலிருந்து இறக்கி, விரலை வைத்துக் காட்டுவார்.

ஹத்ரியான் சக்கரவர்த்தி பட்டமேறிய வருஷம் ஆறு உறைந்துவிட்டது. பனிக்கட்டி மேல் அக்கரையிலிருந்து கொள்ளைக்காரர்களின் குதிரைகள் வந்தன. தார்சா செருப்புகூடப் போடாமல், வைக்கோல் வாருகிற கவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலைத் தாண்டவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த ஏழு வயது ஸியா பார்த்தது அவருடைய வெறுங்கால்களைத்தான். அவை கொஞ்ச நேரம் உதறின, அப்புறம் நின்றுவிட்டன.

குதிரைக்காரர்கள் அவளை ஒரு கிரேக்க வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். கருங்கடல் தாண்டி, கப்பல் மாறி மாறி, புத்தியோலியில் வந்து இறங்கினாள். கடல் கடந்து வந்த அடிமைக்குக் காலில் சுண்ணாம்பு பூசி மேடை ஏற்றுவது வழக்கம். கழுத்தில் ஒரு பலகை தொங்கும். என்ன ஜனம், என்ன நோய், ஓடிப்போகிற புத்தி உண்டா இல்லையா, மூன்றையும் அதில் எழுதியாக வேண்டும். பொய் எழுதியிருந்தால் வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் ஆளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிரேக்கன் எழுதக் கோலை எடுத்தபோது ஸியா தனக்குத் தெரிந்த பட்டாள இலத்தீனில் சொன்னாள்: "எங்கப்பா ரோமாபுரிக் குடிமகன். எங்க வீட்டுல தகடு இருக்கு."

அவன் புறங்கையால் அவள் வாயில் ஒன்று வைத்தான். ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்தது. குடிமகனின் மகளைத் தெரிந்தே விற்றால் தலை தப்பாது என்று அவனுக்குத் தெரியும். மோயேசியா என்று எழுதினால் அந்தப் பக்கத்துக்காரன் எவனாவது வந்து நாலு வார்த்தை பேசிப் பார்ப்பான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இந்தப் படுபாவி பொருத்திப் பார்க்கவே ஆளில்லாத பொய்யாகத் தேடினான். அவளுடைய செம்பட்டை முடியையும் வெளுத்த கண்ணையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு 'ஹிப்பர்போரியப் பெண்' என்று எழுதினான்.

"இனிமே உன் வாயிலேருந்து இலத்தீன் ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, உன்னைத் திருப்பி எங்கிட்டதான் அனுப்புவாங்க," என்றான். "அப்ப பல்லோட முடியாது, பாத்துக்க."

பலகையைப் படித்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வெத்தியுஸும் சிரித்தார். நாலடி தள்ளிப் போனவர் நின்று, திரும்பி வந்து, மறுபடி படித்தார். அவர் நிலபுலன் உள்ளவர், மனைவியை இழந்தவர், யாரையும் கைநீட்டி அடித்தறியாதவர். உலகத்தில் எந்தெந்த ஜனம் எந்தெந்தப் பொருளை என்ன சொல்லால் அழைக்கிறது என்று பன்னிரண்டு வருஷமாக ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். எகிப்தியருக்கு ஒரு சுருள், கெல்த்தியருக்கு ஒரு சுருள் என்று நிரம்பிக்கொண்டே வந்தது. ஹிப்பர்போரியர் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல அவருக்கு ஆகிவிட்டது.

வீட்டுக்கு அழைத்துப் போய், குளிப்பாட்டச் சொல்லி, ஆட்டுக்கறி போட்டார். அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே சூரியனைக் காட்டி, அதற்குப் பெயர் என்ன என்று கையாலேயே கேட்டார். ஸியாவுக்குத் தன் வீட்டில் சூரியனை என்ன சொல்வார்கள் என்று தெரியும். சொன்னால் எவனாவது திரேசியன் காதில் விழும், பொய் வெளுக்கும், திருப்பி அந்தக் கிரேக்கன் கையில் கொடுப்பார்கள். அந்தப் பயத்தில் வாய்க்கு வந்தது ஒன்றைச் சொன்னாள். "தூர்த்தா."

தூர்த்தா அவர்கள் வீட்டு நாய். வெத்தியுஸ் உடனே எழுதிக்கொண்டார். அடுத்து பனி எது என்று கேட்டார், எதிர்வீட்டு அத்தை பெயரைச் சொன்னாள், பென்டி. தேன் கிண்ணத்தைக் காட்டியபோது அம்மா பெயர்தான் வந்தது, ஸாய்க்கா. ஒரு வருஷத்துக்குள் அந்த முப்பது வீட்டுக் கிராமத்தில் செத்துப்போனவர்கள் எல்லோரும் மரமும் மீனும் மேகமுமாக அந்தச் சுருளில் ஏறிவிட்டார்கள். இலத்தீன் எழுத்தில் அதுவரை எவரும் எழுதாத எழுபது ஹிப்பர்போரியச் சொற்கள் என்று வெத்தியுஸ் ரோமாபுரி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நண்பர்கள் வந்தார்கள், சாய்ந்து படுத்துச் சாப்பிட்டார்கள், வெத்தியுஸ் அவளுக்கு வைத்த பெயரால் லாவோதிகே என்று கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

ஆறு மாதம் எப்போதோ கழிந்துவிட்டது. இனி அவளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் சட்டத்தின் கணக்கு ஏழு வயதுப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்? அது தெரியவந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் முடிவும் செய்தாள். அன்று சாயங்காலம் விருந்து. குடித்திருந்த ஒருவர் கேட்டார்: "உங்க ஊர்ல பாறையிலேருந்து குதிப்பாங்களாமே, நீ பாத்திருக்கியா?"

"எங்கப்பா குதிச்சாரு," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. அப்பா காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டார், அதன் வாரை மெதுவாக, இறுக்கமாகக் கட்டினார். அம்மா அவர் தலையில் பூ வைத்தாள். ஊரே கூட நடந்து போனது. பாறை உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தார், இவளைத் தேடிக் கண்டுபிடித்தார், சிரித்தார், கையாட்டிவிட்டுக் குதித்தார். சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து நீர் மாலை மாலையாகக் கொட்டியது. எப்படிச் செத்திருக்க வேண்டும் என்று ஒரு மகள் தன் தகப்பனுக்கு ஆசைப்படுவாளோ அப்படி ஒரு சாவை அவள் அவருக்குக் கொடுத்தாள். அதில் பொய் என்று அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து விருந்து என்றால் தார்சா குதித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கே நிறுத்தினால் அழுவார்கள், எங்கே மூச்சு விட்டால் பெருமூச்சு விடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சமையற்காரி கிரேஸ்தே அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏண்டி, உங்கப்பன் இந்த மாசம் மட்டும் நாலு தடவை குதிச்சுட்டாரு," என்பாள். "மனுஷனுக்கு முட்டி வலிக்காது?"

ஸியா சிரிப்பாள். நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, வயலுக்கோ மாவரைக்கும் கல்லுக்கோ அனுப்பமாட்டார்கள். பொய்யென்றாலும் நிழல் தருகிற பொய். பதினாறு வயதில் பல்லக்குத் தூக்குகிற ஒருவனோடு வாழ்ந்து ஒரு பெண் குழந்தை பெற்றாள். அவன் காய்ச்சலில் போய்விட்டான். குழந்தைக்கு வெத்தியுஸ் நிவாலிஸ் என்று பெயர் வைத்தார், பனியில் பிறந்தவள் என்று. அவள் பிறந்தது அடுப்படிக்குப் பக்கத்து அறையில், சித்திரை வெயில் போலக் கொளுத்திய ஒரு பகலில்.

நிவாலிஸுக்குப் பத்து வயது முடிந்தபோது கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜிலிருந்து ஸெந்தியுஸ் வந்தார். வெத்தியுஸின் பள்ளித் தோழர். மூன்று நாள் விருந்து சாப்பிட்டார், மூன்று நாளும் அழுதார். போகும்போது, "உங்கிட்டதான் ரெண்டு ஹிப்பர்போரியர் இருக்காங்களே, ஒண்ணை எனக்குக் குடுயேன்," என்றார். வெத்தியுஸ் சரி என்றார். வசந்தத்தில் கப்பல் விடத் தொடங்கியதும் சின்னவளை அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

ஸியா அவர் காலில் விழுந்தாள். "எஜமான், அவ சின்னப் பொண்ணு."

"அதனாலதாம்மா. சின்ன வயசுலயே ஒரு நல்ல இடத்துல சேந்துக்கணும். ஸெந்தியுஸ் என்னைவிட நல்லவன்."

"கார்த்தேஜ் ரொம்ப தூரங்க."

"உங்க நாட்டை விடவா?" என்று கேட்டுவிட்டு, அவள் தலையில் பரிவோடு கைவைத்தார். நான் சொல்கிறேன், கெட்டவனிடம் அகப்பட்டால் காலைப் பிடித்தோ கையைக் கடித்தோ தப்பிக்க வழி தேடலாம். தான் நல்லவன் என்று நம்புகிறவனிடம் அகப்பட்டால் அதுவும் கிடையாது. ஸியா எழுந்து வேலைக்குப் போனாள்.

மறுநாள் மீன் சந்தையில் ஒரு மீனின் முதுகு முள் அவள் உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. இருபது வருஷமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்த பாஷையில், அவள் அப்பா மாட்டைத் திட்டுகிற வசவு ஒன்று தானாக வெளியே வந்தது. பக்கத்தில் வேகவைத்த கொண்டைக்கடலை விற்றுக்கொண்டிருந்த கிழவன் கரண்டியை நிறுத்தினான்.

"தங்கச்சி," என்றான் அதே பாஷையில், "இந்தக் கெட்ட வார்த்தைய எங்கம்மா செத்ததுக்கப்புறம் இன்னைக்குத்தான் கேக்கறேன்."

அவன் பெயர் பிதுஸ். திரேசியன், மிஸேனும் என்ற துறையில் ரோமாபுரிக் கடற்படையில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வுபெற்றுக் குடியுரிமை வாங்கியவன். ஸியா அந்தக் கடலைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னாள். கேட்டு முடித்தபோது பிதுஸின் முகம் சிவந்திருந்தது.

அடிமை தனக்காகத் தானே வழக்குப் போட முடியாது. சுதந்திரக் குடிமகன் ஒருவன் நடுவர் முன்னால் அவள் கையைப் பிடித்து, இவள் பிறப்பிலேயே சுதந்திரமானவள் என்று உரிமை கோர வேண்டும். பொய் வழக்கு என்று தீர்ந்தால் அவன் தலையில்தான் விடியும். தாய் சுதந்திரமானவள் என்று ஆகிவிட்டால் மகளும் அன்றே அப்படித்தான், யாரும் யாருக்கும் தானம் கொடுக்க முடியாது.

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வம்பு?" என்று கேட்டாள் ஸியா.

"இருபத்தாறு வருஷம் கப்பல்ல கெடந்தேன். ஒரு சண்டை கூட பாக்கல. எவனாவது கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு கதையும் இல்ல," என்றான் பிதுஸ். "கைய குடு."

வழக்குப் பதிந்த நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை அவளைச் சுதந்திரமானவளாகவே நடத்த வேண்டும் என்பது சட்டம். பிதுஸும் அவன் பெண்சாதியும் எண்ணெய்க் கடைக்கு மேலிருந்த அறையில் அவளை வைத்துக்கொண்டார்கள். நிவாலிஸ் வெத்தியுஸ் வீட்டிலேயே இருந்தாள். தினமும் ஸியா தோட்டச் சுவருக்கு வெளியே போய் நிற்பாள், கிரேஸ்தே பெண்ணைச் சுவரேற்றிக் காட்டுவாள்.

பிதுஸ் ரோமாபுரிக்கு நடந்தான். பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்த ஒவ்வொரு தகட்டுக்கும் மூலம் ஒன்று அங்கே ஒரு கோவிலின் பின்புறச் சுவரில் அறைந்திருக்கும். எட்டு நாள் அந்தச் சுவரோடு கிடந்தான். படிக்கத் தெரிந்தவனைக் கூட வைத்துக்கொண்டு தேடினான். ஒன்பதாம் நாள் கிடைத்தது. ஏழு சாட்சிகள் முத்திரை வைத்த நகலோடு திரும்பி வந்து, எண்ணெய்க் கடைப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான்.

"தார்சா, அவர் மகள் ஸியா. அப்படியே இருக்கு, தங்கச்சி," என்றான். ஸியா அந்த நகல் பலகையை வாங்கி, எந்த எழுத்துகள் தன் பெயர் என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. நிவாலிஸைக் கூட்டிக்கொண்டு எந்த ஊரில் போய் இருப்பது, என்ன வேலை செய்வது என்று பிதுஸின் பெண்சாதியோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

நடுவர் ரோமாபுரியிலிருந்து வந்தவர், வயதானவர், பொறுமையாகக் கேட்கிறவர் என்று பேர். மன்றத்தில் நகல் வாசிக்கப்பட்டது. தார்சாவின் மகள் ஸியா என்று எழுத்தர் உரக்கப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு பெரிய மனிதர் வாயால் அந்தப் பெயர் வந்ததே இல்லை. வெத்தியுஸ் எழுந்தார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். பார்த்தவர்கள் அவர் பக்கம் சாய்ந்ததே அந்த வருத்தத்தால்தான்.

"இவ மேல எனக்குத் துளி கோவமும் கிடையாது. பெண்ணைப் பிரியற வேதனை," என்றார். "ஆனா இருபது வருஷம் இவ சொல்லச் சொல்ல நான் எழுதின நூல் இருக்கு. மோயேசியாக்காரியா இருந்தா இந்தச் சொல்லெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

சுருளை விரித்துப் படித்தார். சூரியன், தூர்த்தா. பனி, பென்டி. தேன், ஸாய்க்கா. ஒரு குரல் நிதானமாக அவளுடைய ஊரைக் கூப்பிட்டுக்கொண்டே போனது. கேட்கக் கேட்க ஸியாவால் பொறுக்க முடியவில்லை.

"அது எங்க நாயோட பேருங்க, ஐயா," என்றாள்.

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. "தேன்?" என்று கேட்டார் நடுவர்.

"எங்கம்மா பேரு."

"சூரியன் நாய், தேன் அம்மா," என்றார் நடுவர். "பனி யாரு, மாமியாரா?" அவரும் சிரித்துவிட்டார். பிதுஸ் எழுந்து, இவள் பேசுவது என் பாஷை, நான் சாட்சி என்றான். இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், நீ கற்றுக்கொடுத்திருப்பாய் என்று வெத்தியுஸின் வக்கீல் உட்காரவைத்துவிட்டான்.

அப்புறம் வெத்தியுஸ் வீட்டு விருந்தாளிகள் சாட்சி சொல்ல வந்தார்கள். மூன்று பேர். மூன்றாமவர் எண்பதை நெருங்கிய ஒரு கிழவர். கோலை ஊன்றி நின்று சொன்னார்: "என் மகனை எரிச்ச மாசம் அது. தூக்கமே கெடையாது. இந்தப் பொண்ணு தன் அப்பன் குதிச்சதைச் சொல்லிச்சு. சாவு அப்படியும் இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வீட்டுக்குப் போயித் தூங்கினேன். அது பொய்யின்னா..." அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

நடுவர் ஸியாவைப் பார்த்தார். "சரி. உங்கப்பா எப்படிச் செத்தார்னு நீயே சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். "வாசல்ல," என்றாள். "செருப்பு இல்லாம. கையில கவை இருந்துச்சு." அவ்வளவுதான் வந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குதித்த சாவை இருநூறு தடவை சொல்லிச் சொல்லி வழுவழுவென்று ஆக்கி வைத்திருந்தாள். நடந்த சாவைப் பிதுஸிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள், அது இன்னும் கரடுமுரடாகவே கிடந்தது. எப்படி எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. "அப்புறம்?" என்றார் நடுவர். "அப்புறம் காலு நின்னுபோச்சு," என்றாள். மன்றத்தில் யாரோ இருமினார்கள். பாடம் ஒப்பிக்கிறாள், அதையும் சரியாக மனப்பாடம் செய்யவில்லை என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் தவளையை ஏழு வயதில் அடித்து, சோறு போட்டு, இன்னும் கத்து என்று கைதட்டியவர்களைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு வார்த்தை கிடையாது.

தீர்ப்பு சுருக்கம். ஹிப்பர்போரியர் என்று ஒரு ஜனம் உண்டா இல்லையா என்பது இந்த மன்றத்தின் கேள்வி இல்லை. தார்சாவுக்கு ஸியா என்று ஒரு மகள் இருந்ததை மன்றம் ஒப்புக்கொள்கிறது. இவள்தான் அவள் என்பதற்கு இவள் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வாயே இருபது வருஷம் வேறு சொல்லியிருக்கிறது. எனவே இவள் அடிமை. பிதுஸ் தெரியாமல் நம்பிவிட்டான் என்று அவனைத் தண்டிக்காமல் விட்டார்கள்.

மன்றத்து வாசலில் வெத்தியுஸ் காத்திருந்தார். அவளுக்கென்று தன் சொந்தப் போர்வையைக் கொண்டுவந்திருந்தார், வெளியே குளிர் என்று. "நான் எதையும் மனசுல வெச்சுக்கலம்மா," என்றார். "வா, வீட்டுக்குப் போலாம்." சாட்டையால் அடித்திருந்தால் அவரை வெறுத்தாவது பிழைத்திருப்பாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். அன்றிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோயிற்று. அதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது. மன்றத்தில் நடந்ததையெல்லாம் அடுப்படியில் பேசக் கேட்டிருந்த நிவாலிஸ் அம்மாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எது நெஜம்? மன்றத்துல சொன்னதா, விருந்துல சொல்றதா?"

இந்தப் பெண் கார்த்தேஜுக்குப் போய், என் தாத்தா மோயேசியாவில் பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் என்ன ஆகும் என்று ஸியா யோசித்தாள். ஸெந்தியுஸ் கேட்டது பட்டாளத்துக்காரன் பேத்தியை இல்லை. ஏமாந்தோம் என்று நினைப்பார். திருப்பி அனுப்பினால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு தூரம் எவன் அனுப்புவான்? அவருக்கு உள்நாட்டில் கோதுமை வயல் மைல்கணக்கில் இருக்கிறது. அங்கே தள்ளிவிடுவார். வயலுக்குப் போன பெண்பிள்ளைகள் முப்பது வயதைப் பார்ப்பதில்லை. ஹிப்பர்போரியப் பெண்ணாகப் போனால் கூரைக்குக் கீழே படுக்கலாம், மேசை மிச்சம் தின்னலாம்.

"விருந்துல சொல்றதுதான் நெஜம்," என்றாள்.

"அப்ப மன்றத்துல?"

"உன்னை விடக்கூடாதுன்னு அம்மா பொய் சொல்லிட்டேன்."

பெண் அம்மா முகத்தை உற்றுப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. "சரிம்மா," என்றாள்.

அந்தப் பதினோரு நாளும் ஸியா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சூரியனுக்கு என்ன, தேனுக்கு என்ன, எழுபது சொல்லும். பூமாலை, செருப்பு வார், பாறை. "வேகமா சொல்லாத. திரும்பிப் பாத்தாருன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடு. அவங்களே கேக்கட்டும்." நிவாலிஸ் கெட்டிக்காரி. ஐந்தாம் நாள் அவள் சொல்லிக் காட்டியபோது கிரேஸ்தே தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் வெங்காயம் என்றாள். ஸியா மட்டும் அழவில்லை. தன் அப்பாவைத் தன் மகள் வாயாலேயே அழிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

கப்பல் நாளன்று துறையில் வெயில் நன்றாக அடித்தது. ஸெந்தியுஸின் காரியஸ்தன், கடுகடுத்த முகமும் தடித்த கழுத்துமாக, பெண்ணைக் கூட்டிப்போக வந்து நின்றான். வெத்தியுஸ் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிதுஸ் வந்தான். தோற்றதிலிருந்து அவன் சந்தைக்கே வரவில்லை, பத்து வயது கூடினவன் போல இருந்தான். நேராக நிவாலிஸ் முன்னால் வந்து குனிந்தான்.

"பாப்பா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. உங்க தாத்தா பேரு தார்சா. பட்டாளத்துல இருந்தவரு, ரோமாபுரிக் குடிமகன். எங்க போனாலும் இதை மட்டும் மறந்துடாத."

காரியஸ்தன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "என்னய்யா சொல்ற இவகிட்ட?" என்றான்.

நிவாலிஸ் அம்மாவைப் பார்க்கவில்லை. பிதுஸைப் பார்த்தாள், அவன் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள்.

"நீங்க ஆள் மாறிச் சொல்றீங்க, மாமா," என்றாள். "எங்க தாத்தா பட்டாளத்துல எல்லாம் இல்ல. அவருக்கு வாழ்ந்தது போதும்னு தோணிச்சு. புதுச் செருப்பு போட்டுக்கிட்டு, தலையில பூ வெச்சுக்கிட்டுப் பாறை மேல ஏறினாரு. திரும்பிப் பாத்தாரு."

அங்கே ஒரு மூச்சு நிறுத்தினாள்.

காரியஸ்தனின் முகம் இளகிவிட்டது. "அப்புறம்?" என்று கேட்டான்.

பிதுஸ் ஸியாவைத் திரும்பிப் பார்த்தான், அவளாவது ஏதாவது சொல்வாள் என்று. ஸியா தன் பெண்ணைப் பார்த்து, சரியாகச் சொன்னாய் என்று தலையாட்டினாள்.